மறுபடி மறுபடி எரியும் டி.பி.எஃப். விளக்கு

டேஷ்போர்டில் டி.பி.எஃப். (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிக் கோளாறுக் கோடை அழிக்கிறார்கள், விளக்கு அணைகிறது. இரண்டு வாரத்தில் மறுபடி எரிகிறது. பைபாஸில் அரை மணி நேரம் வேகமாக ஓட்டிவிட்டு வரச் சொல்கிறார்கள். அணைகிறது, மறுபடி எரிகிறது. அடுத்து, ஸ்கேனர் வழியாகக் கரியைக் கட்டாயமாக எரிக்கும் 'ஃபோர்ஸ்டு ரீஜென்'. அதற்கும் அடங்காவிட்டால் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுகிறார்கள். கடைசியில் புது ஃபில்டர், பெரிய பில். சில மாதம் கழித்து அதே விளக்கு. கார்க்காரர் பொறுமை இழந்து, "இதைப் பிடுங்கி எறிந்துவிட்டால் என்ன?" என்று கேட்பது இந்தக் கட்டத்தில்தான்.

அந்தக் கேள்விக்குப் போகும் முன் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. புது ஃபில்டரும் அடைத்துக்கொள்கிறது என்றால் பழைய ஃபில்டரில் என்ன குற்றம்? டி.பி.எஃப். கோளாறுகளில் பெரும்பாலானவை டி.பி.எஃப்.புக்கு வெளியே பிறக்கின்றன. எஞ்சின் போதிய அளவு சூடாகவில்லை, அளவுக்கு மீறிக் கரி கக்குகிறது, தகுதியில்லாத ஆயிலைக் குடிக்கிறது, அல்லது சென்சார் பொய் சொல்கிறது. இந்த நான்கில் எது என்று தெரியாமல் ஃபில்டரில் கைவைப்பது வீண்செலவு.

இந்தச் சிக்கல் ஐரோப்பாவுக்குப் பழையது, நமக்குப் புதியது. 1985-ல் கலிஃபோர்னியாவில் விற்ற சில மெர்சிடிஸ் டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் பீங்கான் ஃபில்டர் வந்தது, அது நிலைக்கவில்லை. 2000-ல் பெஜோ 607 கார்தான் இதை நடைமுறைக்கு ஏற்ற தொழில்நுட்பமாக மாற்றியது. அதில் சீரியம் கலந்த ஒரு திரவம் தனித் தொட்டியிலிருந்து டீசலில் சிறிது சிறிதாகச் சேரும். கரி குறைந்த வெப்பத்திலேயே எரிய அது உதவும். பின்னர் யூரோ 5 விதிகள் டீசல் கார் உமிழும் துகளின் எடையைக் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்தபோது, ஃபில்டர் இல்லாத டீசல் கார் ஐரோப்பாவில் விற்க முடியாத பொருளாயிற்று. இந்தியா தன் பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்.) புகை விதிகளில் 4-லிருந்து 5-ஐத் தாண்டி நேரே 6-க்குக் குதித்தது. 2020 ஏப்ரல் 1 முதல் இங்கே விற்கும் டீசல் கார்களுக்குத் துகள் எல்லை கிலோமீட்டருக்கு 4.5 மில்லிகிராம். அன்றே நாடு முழுக்க பம்புகளில் கந்தகம் 10 பி.பி.எம்.முக்கு மேல் இல்லாத டீசல் வந்தது. அதற்கு முன் 50. அந்த முதல் அலையில் வாங்கிய கார்கள் இப்போது வாரண்டி முடிந்து, லட்சம் கிலோமீட்டரைத் தொடும் வயதுக்கு வந்திருக்கின்றன. ஐரோப்பிய மெக்கானிக்குகள் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய கோளாறு நம் ஊர் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நிற்கிறது.

ஃபில்டரின் அமைப்பை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். சிலிக்கான் கார்பைடு அல்லது கார்டியரைட் என்ற பீங்கானில் செய்த ஒரு கட்டி. அதன் நீளவாக்கில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள். ஒரு குழாய்க்கு வாய் திறந்து வால் அடைத்திருக்கும். பக்கத்துக் குழாய்க்கு வாய் அடைத்து வால் திறந்திருக்கும். உள்ளே நுழைந்த புகைக்கு வேறு போக்கிடம் இல்லாததால் நுண்துளைகள் உள்ள பீங்கான் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த குழாய்க்குப் போக வேண்டும். வாயு போய்விடும், கரி நின்றுவிடும்.

இதில் அழகான விஷயம், சுவரின் துளைகள் கரித்துகளைவிட மிகப் பெரியவை என்பது. துளை 10 முதல் 20 மைக்ரான். கரித்துகளோ பெரும்பாலும் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் துகள் தப்பாது. முதலில் சில துகள்கள் துளையின் ஓரங்களில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின் மேல் இன்னும் சில. சீக்கிரமே சுவரின் மேல் ஒரு கரிப்படலம் உருவாகிறது. அதன்பின் வடிகட்டும் வேலையைப் பெருமளவு அந்தப் படலமே செய்கிறது. நல்ல நிலையில் உள்ள டி.பி.எஃப். துகள்களில் 99 சதவீதத்துக்கு மேல் நிறுத்திவிடும். நல்ல ஃபில்டர் உள்ள காரின் சைலன்சர் வாய்க்குள் வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பு ஒட்டாது. பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர்கள் இதை முதலில் செய்து பார்க்கலாம். கையில் மை போலக் கரி வந்தால் ஃபில்டர் உள்ளே வெடித்திருக்கிறது, அல்லது யாரோ அதைக் குடைந்து எடுத்துவிட்டார்கள்.

படலம் தடித்துக்கொண்டே போனால் புகை வெளியேற முடியாது. ஆகவே கரியை அவ்வப்போது அங்கேயே எரிக்க வேண்டும். இதுதான் ரீஜெனரேஷன். நெடுஞ்சாலையில் சீராக ஓடும் காரில், வினையூக்கி உருவாக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடின் உதவியால், 250 முதல் 400 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே கரி மெல்ல எரிந்துவிடுகிறது. ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. ஊருக்குள் மட்டும் ஓடும் காரில் புகை அந்தச் சூட்டை எட்டுவதில்லை. கரி குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் எஞ்சின் கணினி தானே ஒரு வேலை செய்கிறது. வழக்கமான எரிதல் முடிந்த பிறகு சிலிண்டருக்குள் இன்னும் கொஞ்சம் டீசலைத் தெளிக்கிறது. அது முழுதும் எரியாமல் வெளியேறி, ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிடேஷன் வினையூக்கியில் எரிகிறது. புகையின் வெப்பம் 600 டிகிரி அளவுக்கு ஏற, படிந்த கரி தீப்பிடித்து மறைகிறது. பொதுவாகப் பத்து இருபது நிமிட வேலை.

அந்த நேரத்தில் கவனித்தால் சில அடையாளங்கள் தெரியும். நின்றிருக்கும்போது எஞ்சின் சுற்று சற்றுக் கூடியிருக்கும், ரேடியேட்டர் ஃபேன் காரணமில்லாமல் சுழலும், மைலேஜ் சட்டெனக் குறையும், சூடான உலோக வாடை வரும். அப்போது சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தால் வேலை பாதியில் நின்றுபோகும். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வீடு, வீட்டிலிருந்து மார்க்கெட், மறுபடி வீடு என்று நாலு கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டராக ஓடும் காரில் இது தினமும் பாதியில் நிற்கிறது. அப்படிப்பட்ட ஓட்டத்துக்கு டீசல் காரே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. வாங்குகிறவரிடம் தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்று ஷோரூமில் கேட்க வேண்டும்.

ஆனால் நெடுஞ்சாலையில் நிறைய ஓடும் காரிலும் விளக்கு திரும்பத் திரும்ப எரிந்தால்? அங்கேதான் துப்பறிய வேண்டியிருக்கிறது.

முதல் வேலை, கோடை அழிக்காமல் படிப்பது. பி 2463 என்றால் கரி மிகுந்துவிட்டது. பி 242எஃப் என்றால் சாம்பல் மிகுந்துவிட்டது. பி 2002 என்றால் ஃபில்டர் வடிகட்டவில்லை என்று கணினி சந்தேகிக்கிறது. பி 2452, 2453 இரண்டும் அழுத்த சென்சாரைப் பற்றியவை. இவற்றோடு பி 0128, பி 0401 போன்ற, டி.பி.எஃப். பெயரே சொல்லாத கோடுகள் இருந்தால் அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முன்னது எஞ்சின் சரியான சூட்டை எட்டவில்லை என்கிறது, பின்னது, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்குள் திருப்பி விடும் இ.ஜி.ஆர். அமைப்பில் ஓட்டம் போதவில்லை என்கிறது. எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் அழித்துவிட்டால் இந்தத் தடயங்களும் போய்விடும்.

எஞ்சின் சூட்டைப் பற்றி நம் ஊருக்கே உரிய ஒரு காரணத்தைச் சொல்ல வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று அதைக் கழற்றிப் போடும் வழக்கம் ஒர்க்‌ஷாப்புகளில் வெகுகாலமாக உண்டு. பழைய எஞ்சின்களில் அது பெரிய கேடாகத் தெரியவில்லை. டி.பி.எஃப். உள்ள காரில் அது நேரடியாக ஃபில்டரை அடைக்கும். கூலன்ட் வழக்கமாக 85, 90 டிகிரியில் நிற்க வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டாலோ, திறந்தபடியே சிக்கிக்கொண்டாலோ நெடுஞ்சாலைக் காற்றில் அது 70-ஐக்கூடத் தொடாமல் போகலாம். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணி, கணினி ரீஜெனரேஷனைத் தொடங்கவே தொடங்காது. எத்தனை மணி நேரம் பைபாஸில் ஓட்டினாலும் பயனில்லை. சில நூறு ரூபாய்ப் பொருள் ஒன்று லட்சத்தை நெருங்கும் பொருளைக் காவு வாங்கிவிடுகிறது. டீசல் அளவும் இப்படித்தான்: தொட்டியில் கால்வாசிக்குக் கீழே இருந்தால் பல கார்கள் ரீஜெனரேஷனைத் தள்ளிப்போடும். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த சந்தேகம் அழுத்த சென்சார் மீது. ஃபில்டருக்குள் எவ்வளவு கரி இருக்கிறது என்று கணினிக்கு நேராகத் தெரியாது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் இருந்து இரண்டு சிறு குழாய்கள் ஒரு சென்சாருக்குப் போகின்றன. இரு பக்க அழுத்தத்தின் வித்தியாசத்தை அது அளக்கிறது. வித்தியாசம் கூடினால் அடைப்பு கூடியிருக்கிறது என்று பொருள். இந்தக் குழாய்களின் ரப்பர் பகுதி சூட்டில் வெடிக்கும், உள்ளே கரியும் நீரும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். முன்குழாய் வெடித்தால் அழுத்தம் குறைவாகத் தெரியும். ஃபில்டரே இல்லை என்று கணினி முடிவுகட்டி பி 2002 போடும். நல்ல ஃபில்டரை உடைந்தது என்று சொல்லி மாற்றும் தவறு இங்கேதான் நடக்கிறது.

சென்சாரைச் சோதிப்பது எளிது. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரில் பார்த்தால் அழுத்த வித்தியாசம் பூஜ்யம், அல்லது அதை ஒட்டி இருக்க வேண்டும். புகையே ஓடாதபோது வித்தியாசம் எங்கிருந்து வரும்? அங்கே 15, 20 மில்லிபார் காட்டினால் சென்சார் பிசகிவிட்டது. கணினியோ அதை நம்பி, காலியாக இருக்கும் ஃபில்டரைத் திரும்பத் திரும்ப எரித்துக்கொண்டிருக்கும். பூஜ்யம் சரியாக இருந்தால் எஞ்சினை ஓட விட்டு, ஐடிலிலும் 2,500, 3,000 சுற்றுகளிலும் அளவைப் பார்த்து, அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எல்லையோடு ஒப்பிட வேண்டும். சுற்று கூடக் கூட அளவு ஒழுங்காக ஏறி, விட்டதும் இறங்க வேண்டும். ஏறாமல் செத்துக் கிடந்தால் குழாயைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஒரே அடைப்பு, குறைந்த காற்றோட்டத்தில் சிறு அழுத்தத்தையும் மிகுந்த காற்றோட்டத்தில் பெரிய அழுத்தத்தையும் தரும். அதனால் எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதும் கணினிக்குத் தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்வது காற்று வடிகட்டிக்குப் பின்னால் உள்ள ஏர் மாஸ் சென்சார். அது தூசி படிந்து தவறாகச் சொன்னால் கரிக் கணக்கும் தவறும். புகை வெப்பத்தை அளக்கும் சென்சார்களில் ஒன்று கெட்டாலும் ரீஜெனரேஷன் நின்றுவிடும். வெப்பம் தெரியாமல் நெருப்பு வைக்கக் கணினி துணியாது, துணியவும் கூடாது. கட்டுப்பாடில்லாமல் கரி முழுதும் ஒரே சமயத்தில் பற்றினால் உள்ளே 1,000 டிகிரிக்கு மேல் போய்ப் பீங்கானே விரிசல் விடும்.

பல கார்களில் ஸ்கேனர் கரியை இரண்டு வகையாகக் காட்டும். ஒன்று அழுத்தத்தை வைத்து அளந்தது. மற்றது ஓடிய தூரம், செலவான டீசல், எஞ்சினின் சுமை இவற்றை வைத்துக் கணக்கிட்டது. இந்த இரண்டும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்ப்பதுதான் நல்ல மெக்கானிக்கின் வேலை. அளந்தது கணக்கைவிட மிக அதிகமென்றால் மூன்று சாத்தியம்: சென்சார் பிசகு, எஞ்சின் எதிர்பார்த்ததைவிட அதிகக் கரி கக்குவது, அல்லது ஃபில்டரில் சாம்பல் நிறைந்திருப்பது.

அதிகக் கரிக்குக் காரணம் பெரும்பாலும் காற்றுக் குறைவு. டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையில் உள்ள ஓஸ் ஒன்று கிழிந்திருந்தால் அழுத்திய காற்று வழியிலேயே கசிந்துபோகும்; டீசலுக்கு வேண்டிய ஆக்சிஜன் கிடைக்காமல் கரியாகும். ஃபில்டர் இல்லாத பழைய காரில் இது கறும்புகையாக வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் காரில் ஃபில்டர் அதை மறைத்துவிடுவதால் ஓட்டுபவருக்குத் தெரியாது, பின்னால் வருபவருக்கும் தெரியாது. இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கினாலும் இதே கதை. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கப் புகையின் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடுவது அதன் வேலை. அளவு மீறினால் ஆக்சிஜன் குறைந்து கரி பெருகும். சொட்டும் இன்ஜெக்டர், ஆயில் கசியும் டர்போ சீல் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இதில் டர்போ ஒரு விஷச் சுழல்: அடைத்த ஃபில்டரின் எதிரழுத்தம் டர்போவைக் கெடுக்கும், கெட்ட டர்போ விடும் ஆயில் ஃபில்டரை மேலும் அடைக்கும்.

இனி சாம்பல். விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாத்திரத்தின் அடியில் படிவது கரி. மறுபடி தீயில் காட்டினால் எரிந்துபோகும். அடுப்புக்குள் மிஞ்சுவது சாம்பல். எத்தனை தீ மூட்டினாலும் எரியாது. ஃபில்டரில் சேரும் சாம்பல் டீசலிலிருந்து வருவது குறைவு, எஞ்சின் ஆயிலிலிருந்து வருவதே அதிகம். ஆயிலில் அமிலத்தையும் தேய்மானத்தையும் தடுக்கச் சேர்க்கும் கால்சியம், மக்னீசியம், துத்தநாகச் சேர்மங்கள் எரிந்த பிறகு சாம்பலாகின்றன. டி.பி.எஃப். கார்களுக்கான ஏ.சி.இ.ஏ. சி3 தர ஆயிலில் சல்பேட் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஃபில்டர் இல்லாத கார்களுக்கான ஏ3/பி4 தரத்தில் அது 1.6 சதவீதம் வரை போகலாம். முதல் வகை ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 7 கிராம் சாம்பல். இரண்டாம் வகையில் 13, 14 கிராம் வரை. ஆயில் குடிக்கும் பழைய எஞ்சினுக்கு, விலை குறைவு என்று லாரி ஆயிலையோ பழைய தர ஆயிலையோ ஊற்றினால் ஃபில்டரின் ஆயுள் பாதியாகக் குறையலாம். டின்னின் பின்பக்கத்தில் உள்ள தர எழுத்துகளைப் படிப்பதைவிட மலிவான டி.பி.எஃப். பராமரிப்பு எதுவும் இல்லை.

சாம்பல் நிறைந்த ஃபில்டருக்கு ஃபோர்ஸ்டு ரீஜென் எதுவும் செய்யாது. டீசல் தொட்டியில் ஊற்றும் கிளீனர் பாட்டிலும் செய்யாது. அது கரி எரிய உதவலாம், சாம்பலைத் தொடாது. கழற்றி, உலையில் சுட்டு, காற்றை எதிர்த்திசையில் செலுத்தியோ நீரால் கழுவியோதான் சாம்பலை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு இன்னொன்றும் செய்ய வேண்டும். பல கார்களில் சாம்பலைக் கணினி அளப்பதில்லை. ஓடிய தூரத்தையும் செலவான டீசலையும் வைத்து ஒரு எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஃபில்டரைக் கழுவிய பிறகோ மாற்றிய பிறகோ அந்த எண்ணை ஸ்கேனர் வழியாகப் பூஜ்யமாக்காவிட்டால், புத்தம்புது ஃபில்டரும் சாம்பல் நிறைந்தது என்றே கணினி நம்பிக்கொண்டிருக்கும். புது ஃபில்டர் போட்டும் விளக்கு எரிகிறது என்ற புகார்களில் இது ஒரு முக்கியக் காரணம்.

ரீஜெனரேஷன் அடிக்கடி நடந்தாலோ பாதியில் நின்றாலோ ஆயில் குச்சியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பின்னால் தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். ஆயில் மட்டம் குறைய வேண்டிய இடத்தில் ஏறியிருந்தால், டீசல் வாடை அடித்தால், உடனே ஆயிலை மாற்ற வேண்டும். மெலிந்த ஆயில் டர்போவையும் பேரிங்கையும் தின்றுவிடும். நின்ற இடத்தில் ஃபோர்ஸ்டு ரீஜென் செய்கிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: வண்டிக்கு அடியில் காய்ந்த புல்லோ சருகோ இருக்கக் கூடாது. சாலையில் காயப்போட்ட வைக்கோல் மேல் ஓட்டிவந்து, அடியில் சுற்றிக்கொண்டதை எடுக்காமல் இதைச் செய்தால் கார் தீப்பற்றும்.

பிடுங்கி எறிவது பற்றிய கேள்விக்கு வருகிறேன். உள்ளே இருக்கும் பீங்கானைக் குடைந்து எடுத்து, மென்பொருளை மாற்றி, விளக்கை நிரந்தரமாக அணைத்துத் தருகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கார் நன்றாக ஓடும். ஃபில்டரை அடைத்த கோளாறு அப்படியே இருக்கும். அதன் கரி இனி தெருவுக்கு வரும். பத்தில் ஒரு மைக்ரான் அளவுத் துகள் மூக்கிலும் தொண்டையிலும் நிற்காது, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலை இருக்கும் அதே பிரிவு. சிக்னலில் அந்த சைலன்சருக்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் இருசக்கர வாகனத்தில் முன்னால் குழந்தையை உட்கார வைத்திருப்பவர். இதை நான் மன்னிக்கத்தக்க சிக்கனமாகப் பார்க்கவில்லை.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. பிரிட்டனில் 2014 பிப்ரவரி முதல், ஆண்டுச் சோதனைக்கு வரும் காரில் டி.பி.எஃப். இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்; குடைந்த ஃபில்டர் கண்ணுக்குத் தெரியாமல் தப்பியது. நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-ல் சைலன்சர் வாயில் துகள்களை எண்ணும் கருவியையே சோதனைக்குக் கொண்டுவந்தன. ஃபில்டர் இருக்கிறதா என்பதோடு அது வேலை செய்கிறதா என்பதும் அந்தக் கருவிக்குத் தெரியும். நம் ஊர் மாசுச் சான்றிதழ் சோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே பார்க்கிறது. துகள் எண்ணும் கருவி இங்கும் வர வேண்டும். கார் நிறுவனங்களும் சர்வீஸ் விவரங்களைத் தங்கள் சென்டர்களுக்குள் பூட்டி வைக்காமல் சாதாரண ஒர்க்‌ஷாப்புகளுக்குத் திறந்துவிட வேண்டும். அழுத்த எல்லை எவ்வளவு என்று தெரியாத மெக்கானிக்கிடம் சரியான தீர்ப்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

உங்கள் காரில் இந்த விளக்கு இரண்டாம் முறை எரிந்தால், புது ஃபில்டருக்குச் சம்மதிக்கும் முன் ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள்: அழிக்கும் முன் இருந்த கோடுகள் எவை, எஞ்சின் ஓடாதபோது அழுத்த சென்சார் என்ன காட்டியது, அரை மணி நேரம் ஓட்டிய பிறகு கூலன்ட் எத்தனை டிகிரி, டர்போ ஓஸில் கசிவு பார்த்தார்களா, கணினியில் சாம்பல் கணக்கு எவ்வளவு. இவற்றுக்கு எண்ணோடு பதில் சொல்கிறவரிடம் காரை விடுங்கள். சொல்லாதவரிடம் ஃபில்டரை மாற்றாதீர்கள்.